கூரைமேல் சிறுவாணி

லட்சுமணசாமி தண்ணீர் மோட்டார் செய்து விற்கிறவர். அவரே மோட்டார் இல்லாமல் தண்ணீர் வரவைக்கிறேன் என்று கிளம்பினால் டிரைவர் பிரான்சிஸ் என்ன சொல்ல முடியும்?

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், படுக்கை, அடுப்பு, குளியலறையோடு ஊர் சுற்றும் வண்டியின் படத்தை முதலாளி பார்த்துவிட்டார். தொண்ணூற்றாறு மே மாதத்துக்குள் பட்டறையில் ஒரு பழைய வேனின் சீட்டுகளைப் பிடுங்கி, மூன்று பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, பின்னால் தகர மறைப்புக்குள் ஒரு ஷவர் என்று வைத்தாயிற்று. கூரைமேல் ஐந்நூறு லிட்டர் கறுப்பு டேங்க். டேங்க் உயரத்தில் இருந்தால் தண்ணீர் தன் கனத்திலேயே குழாயில் இறங்கும், கரண்ட் தேவையில்லை. அதுவரை சரி. ஐந்நூறு லிட்டர் என்றால் அரை டன் என்பதும், தலையில் அரை டன் வைத்த வண்டி நிமிர்ந்து ஓடாது என்பதும்தான் அவர் மண்டையில் ஏறவில்லை.

"எதுக்குங்க மொதலாளி இத்தன தண்ணி? போற பக்கமெல்லாம் தண்ணி கெடைக்குமுங்களே."

"ஆழியாத்துத் தண்ணியக் குடிச்சுப்போட்டு இந்த நாக்க என்னப்பா பண்றது? சிறுவாணி குடிச்ச நாக்கு."

சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் கேனில் சிறுவாணி தூக்கிப்போகிறவர்கள் கோயமுத்தூரில் உண்டு. இவர் டேங்கில் தூக்கினார், அவ்வளவுதான். புறப்பட்ட அன்று விடியலில் வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்ததும், ஓஸ் போட்டு இரண்டு மணி நேரம் காத்து நிரப்பியவன் பிரான்சிஸ்தான்.

ஆனைமலையில் மாசாணியம்மன் கோயிலுக்கு முன்னால் முதலாளி வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கட்டிலைக் காட்டினார். பெருந்துறையிலிருந்து வந்த ஒருவரைக் கூப்பிட்டு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்.

"குடிச்சுப் பாருங்க, எப்படி இருக்குதுன்னு."

அவர் குடித்தார். "தண்ணியாட்டத்தான் இருக்குதுங்க" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளியின் மனைவி நஞ்சம்மாள் கூரை இடிக்காமல் குனிந்தபடி பருப்பைக் கடைந்தாள். "ஊட்டுல நின்னுட்டு சமைச்சேன், இங்க கூன் போட்டுட்டு சமைக்கறேன். இதுக்குப் பேரு டூருங்களாமா" என்றாள். ஆனால் பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது, சிறுவாணி என்றால் சிறுவாணிதான் என்பதையும் அவளே சொன்னாள். பத்தாவது படிக்கும் மகள் நித்யஸ்ரீ ஷவரில் குளித்துவிட்டு, தலைமுடி பட்டாட்டம் இருக்கிறது என்றாள்.

இரண்டாம் நாள் மாலை ஆழியாறு போகும் சாலையில் ஒரு வளைவு. வேன் திரும்பிவிட்டது, தண்ணீர் திரும்பவில்லை. கூரையில் தொம்மென்று ஒரு சத்தம், வேன் ஒரு பக்கமாகச் சாய, ஸ்டீயரிங் கையில் லேசாயிற்று. நிறைந்த டேங்கில் தண்ணீர் அசைய இடம் கிடையாது. காலி டேங்கில் அசையத் தண்ணீர் கிடையாது. பாதி டேங்க்தான் ஆளைக் கொல்லும்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ, தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடிப்போய் இன்னும் சாய்க்கும். இப்போது டேங்கில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

மறுநாள் வால்பாறை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அடுத்த புதன்கிழமையோ, அரசு பஸ் டிரைவர் வேலைக்கு பிரான்சிஸுக்கு நேர்முகம். வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து எட்டு வருஷம் காத்திருந்து வந்த கார்டு அது. பதினோரு வருஷமாக அவன் லைசென்சில் ஒரு கேஸ் கிடையாது. வேன் கவிழ்ந்தால், உயிர் மிஞ்சினாலும் வேலை போச்சு. டேங்க் வைத்தவர் மேல் யாரும் கேஸ் எழுத மாட்டார்கள்.

காலையில் ஒரு தட்டில் பாதி தண்ணீர் ஊற்றி, முதலாளி முன்னால் சாய்த்துக் காட்டினான். "பாருங்க, எல்லாம் ஒரே பக்கம் ஓடுது. ஒண்ணு ஆத்துத் தண்ணிய ஊத்தி நெரப்பீரலாமுங்க, இல்ல இருக்கறதத் தொறந்து உட்ரலாமுங்க."

"சிறுவாணில ஆத்துத் தண்ணியக் கலக்கறதா? தரையில உடறதா? ஏப்பா, நான் மோட்டார் செய்யறவன். தண்ணியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறயா?"

பிரான்சிஸ் தட்டைக் கீழே வைத்தான். இந்த மனிதருக்கு உயிர்மேல் இல்லாத மரியாதை நாக்குமேல் இருக்கிறது. பேசினால் நாக்கோடுதான் பேசவேண்டும். தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"மன்னிச்சுப்போடுங்க மொதலாளி. அன்னிக்குக் குழாய்ல தண்ணி வரவே இல்லீங்க. பட்டறை போர்வெல் தண்ணியத்தான் புடிச்சுப்போட்டேன்."

முதலாளி நாக்கை ஒருமுறை சப்புக் கொட்டிப் பார்த்தார்.

"அதானே பாத்தேன்" என்றார் லட்சுமணசாமி. "மொத மடக்குலயே நாக்கு சொல்லிப்போட்டுது. கோயல் வாசல்லயே உப்புக் கரிச்சுது, சரி, டேங்க் புதுசுன்னு இருந்துட்டேன்."

"ரெண்டு நாளா பருப்பு வேகவே இல்லீங்க. எனக்கு அப்பவே சந்தேகந்தான்" என்றாள் நஞ்சம்மாள்.

"தல பூரா சிக்குப்பா" என்றாள் நித்யஸ்ரீ.

"தொறந்து உடுடா அந்தக் கருமத்த. ஊருக்குப் போனதும் நீ வேற எடம் பாத்துக்க."

"சரிங்க மொதலாளி."

வால்வைத் திறந்ததும் முந்நூறு லிட்டர் சிறுவாணி, வேன் நின்ற புளியமரத்தின் வேர்களுக்குப் பாய்ந்தது. முதலாளி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரான்சிஸ் தன் ஐந்து லிட்டர் கேனை மட்டும் வால்வுக்கடியில் பிடித்து நிரப்பி, சீட்டுக்கடியில் தள்ளினான்.

காலி டேங்கோடு வேன் ஒழுங்கு மரியாதையாக மலை ஏறியது. நாற்பதாவது வளைவும் தாண்டி நிறுத்தியபோது முதலாளிக்குத் தொண்டை வறண்டிருந்தது. பிரான்சிஸ் கேனிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தான்.

"எங்க புடிச்ச?"

"வழியில ஒரு ஊத்துலங்க."

லட்சுமணசாமி கண்ணை மூடி, ஒரு மடக்கை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். "மோசமில்ல. ஆனா சிறுவாணி ருசி இதுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது."

"எங்கீங்க வரும்" என்று டம்ளரை வாங்கிக் கழுவினான் பிரான்சிஸ். இறங்கும்போதும் நாற்பது வளைவுகள் இருந்தன. புதன்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.