பெர்பெத்துவாவின் பட்டிக்கு வந்த கடல்

உள்ளாட்சித் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பொலிவியாவின் தோலபம்பா ஊரில் பெர்பெத்துவா வராச்சியின் லாமாப் பட்டிக்குள் கடல் வந்து சேர்ந்தது. பட்டி எவ்வளவோ கடலும் அவ்வளவே. கற்சுவருக்கு உள்ளே அலை, வெளியே மேட்டுநிலத்தின் வழக்கமான புழுதி. பெர்பெத்துவா விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். உப்புக் கரித்தது. லாமா மந்தையை ஓட்டிக்கொண்டு, இறந்துபோன கணவனின் தம்பி பிரிமித்திவோ வீட்டுக்குப் போனாள்.

"பட்டியில கடல் நிக்குது தம்பி. ரெண்டு நாளைக்கு இதுங்க இங்க கெடக்கட்டும்."

"எந்தக் கடல், அண்ணி?"

"நம்ம கடல்தான். வேற யாரு வீட்டுக் கடல் நம்ம வாசலத் தேடி வரப்போவுது?"

பொலிவியா தன் கடற்கரையை ஒரு போரில் சிலிக்காரர்களிடம் பறிகொடுத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் கடற்படையைக் கலைக்கவில்லை. மார்ச் மாதம் பிறந்தால் பள்ளிப்பிள்ளைகள் கடலைத் திருப்பிக் கேட்டுப் பாடுவதும் நிற்கவில்லை. ஆகவே கடல் வந்ததை ஊரில் யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. தாமதம் என்றுதான் சொன்னார்கள்.

அரசாங்கம் இருக்கும் லா பாஸ் நகரத்திலிருந்து முதலில் வந்தவன் லிசாண்ட்ரோ என்ற கடற்படைச் சிப்பாய். அதுவரை ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்தறியாத அவன், சுவரோரம் மண்டியிட்டு அழுதுவிட்டு, பிறகு எழுந்து சல்யூட் அடித்தான். அடுத்து துணையமைச்சர் வந்து பட்டியின் நடுவில் கொடியை நட்டு, இறையாண்மை மீண்டது, சோஷலிச அரசு மீட்டது என்று பேசினார். தேர்தலுக்காக லாரியில் கொண்டுவந்து கொட்டிய உப்புத் தண்ணீர் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் எழுதின. ஒரு பெலிகன் பறவை வந்து சுவரில் உட்கார்ந்தது. அதுவும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறது என்று எழுதின.

வில்லங்கம் மூன்றாவது வாரம்தான் வந்தது. கடல் தேசத்தின் சொத்து என்பதால் பட்டியும், அதை ஒட்டிய பெர்பெத்துவாவின் வீடும், ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமும் கடற்படைத் தளமாகும். அவளுக்கு ஒருரோ நகரத்தில் வீடு கிடைக்கும். ஊரார் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு வெளியே நின்று கடலைப் பார்க்கலாம். துணையமைச்சர் இதைக் கனிவாகத்தான் சொன்னார்.

"கடல் மக்களுக்குச் சொந்தம், தோழர்."

"அப்ப நாங்க யாரு, தோழர்?"

அது பெர்பெத்துவாவுடைய அரசாங்கம். எரிவாயுவை வெளிநாட்டுக்கு விற்காதே என்று லா பாஸை ஒட்டிய எல் ஆல்ட்டோவின் தெருக்களில் கூட்டம் திரண்டபோது அவள் கூடப்பிறந்த தம்பியும் போனான். திரும்பி வந்தது அவன் தொப்பி மட்டும். அந்த ரத்தத்தில் வந்த ஆட்சி இது. இந்த ஆட்சிதான் ஊருக்குச் சாலை போட்டது. அவளைப் போல் பாவாடையும் வட்டத்தொப்பியும் போட்ட பெண்கள் அமைச்சகத்துக்குள் காவலாளியிடம் கெஞ்சாமல் நுழைந்ததும் இதன் காலத்தில்தான். அதை எதிர்த்து நிற்பது தம்பியின் குழியை மிதிப்பதுபோல் இருந்தது. ஆனாலும் மறுநாள் ஊர்க்கூட்டத்துக்குப் போய், ஊர்த்தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சொன்னாள்.

ஆளுங்கட்சியின் வேட்பாளர் பிரிமித்திவோ. அவன் கெட்டவனில்லை. சிலியின் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் அவன் மகன்கள் தளம் வந்தால் ஊர் திரும்புவார்கள். அவ்வளவுதான் அவன் கணக்கு.

"அரசாங்கத்த எதுத்தா நிக்கிறீங்க, அண்ணி?"

"நான் நின்ன எடத்துலதான் நிக்கிறேன் தம்பி. அதுதான் நவுந்து போயிருச்சு."

தோலபம்பாவில் ஓட்டுச்சீட்டு கிடையாது. யாருக்கு ஓட்டோ அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும்; நீளமான வரிசை ஜெயிக்கும். சட்டமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. தேர்தலன்று சதுக்கத்தில் இரண்டு வரிசைகள் நின்றன. ஊர்க்கூட்டத்தை நடத்துகிற அப்போலினார் லாமா பிடிக்கும் கயிற்றால் அளந்தார். சமம். மறுமுனையிலிருந்து அளந்தார். அப்போதும் சமம். பிரிமித்திவோ தன் ஆட்களிடம் வயிற்றை எக்காமல் நிற்கச் சொன்னான், பயனில்லை.

அப்போது கடல் பட்டியை விட்டு வெளியே வந்தது. யார் வீட்டு வாசற்படியையும் நனைக்காமல், தெருவின் நடுவாக, அவசரமில்லாமல் வந்தது. நாய்கள் எழுந்து வழிவிட்டன. சதுக்கத்துக்கு வந்ததும் அலைகளை அடக்கிக்கொண்டு பெர்பெத்துவாவின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றது. அதற்கு முன்னால் நின்றவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

செல்லாது என்றார் துணையமைச்சர். அப்போலினார் வாயில் மென்றுகொண்டிருந்த கொக்கா இலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"தோழர், இது நம்ம நாட்டுக் கடல்தானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"நம்ம நாட்டுக்காரங்களுக்குத்தானே ஓட்டு?"

"கடலுக்கு எப்படிங்க ஓட்டு?"

"வெளிநாட்டுக் கடல்னு எழுதிக் குடுங்க. ஓட்டையும் தள்ளிடறோம், உங்க கொடியையும் புடுங்கிடறோம்."

கூட்டம் சிரிக்கவில்லை; இது சிரிக்கிற விஷயமில்லை. துணையமைச்சர் சிக்னல் கிடைக்கும் குன்றின் மேல் ஏறி லா பாஸுக்குப் பேசினார். வெகுநேரம் பேசினார். இறங்கி வந்து, கொடி இருக்கட்டும் என்றார். அப்போலினார் கயிற்றை எடுத்து மறுபடி அளந்தார். பெர்பெத்துவா ஜெயித்தாள். நனைந்த காலணியோடு துணையமைச்சர் வந்து அவள் கையைப் பிடித்தார். அவரும் எல் ஆல்ட்டோவில் கல்லெறிந்தவர்தான். உங்கள் தம்பி பெயர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு காரில் ஏறினார்.

கடல் பட்டிக்குத் திரும்பிப் போனது; தளம் வரவில்லை. லிசாண்ட்ரோவைத் திரும்ப அழைக்க மறந்துவிட்டார்கள். அவன் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட்டான். லா பாஸில் ஆட்சி கவிழ்ந்தது, வேறொன்று வந்தது, பழைய கட்சியே மறுபடி வந்தது. ஒவ்வொன்றும் ஒரு புதுக்கொடி அனுப்பிவைத்தது. கடலில் மீன் பிடிப்பது எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று பெர்பெத்துவா முறை வைத்தாள். முதல் வருடம் ஊரைக் கேட்டு வைத்தாள். பிறகு கேட்கவில்லை. ஊருக்கு எது நல்லது என்று தனக்குத் தெரியும் என்றாள். உண்மையில் தெரியவும் தெரிந்திருந்தது. கூட்டம் கூடுவது குறைந்தது.

அடுத்த தேர்தலில் வரிசைகள் மறுபடி சமமாக நின்றன. கடல் வந்தது. பெர்பெத்துவாவின் வரிசையைத் தாண்டிப் போய், பிரிமித்திவோவின் வரிசையில் கடைசியாக நின்றது. யாரும் வழக்காடவில்லை. தலைவருக்கு அடையாளமாகத் தோளில் மாட்டியிருந்த அதிகாரக்கோலை அவள் கழற்றிக் கொழுந்தன் கையில் கொடுத்தாள்.

"அதுக்கு நான் என்ன கொறை வெச்சேன் தம்பி?"

"ஓட்டுப் போட்டவங்கள அப்படிக் கேக்கக் கூடாது, அண்ணி."

அவள் வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே கடலும் வந்தது. பட்டி வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். பெர்பெத்துவா ஒரு பக்கமாக ஒதுங்கி, அதை முதலில் போகவிட்டாள்.