குரலைக் கழித்த கம்பி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. லெவூக்கா என்ற தீவு ஊரில் நான் செய்தி வாசிக்கும் சின்ன வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவாளன் இனோகே, ஒரு மத்தியானம் யங்கோனா என்கிற போதை வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது. யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னான். எழுதுகிறவனிடம் அப்படிச் சொல்வது கருவாட்டுக்குப் பூனையைக் காவல் வைப்பதுதான்.

2

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று அமைதியாக’ (அடித்துவிட்டேன். அமைதியாக இல்லை.)

இரண்டாவது: ‘இனோகே பொறுப்பில்லாதவன்.’ (அப்படி இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.)

நிலையத்தில் நல்ல ஸ்பீக்கர் ஒரே ஜோடிதான். கணினி, சிடி, பேட்டி எடுக்கும் ரெக்கார்டர் எல்லாவற்றையும் அதில்தான் கேட்டாக வேண்டும். அதற்காக இனோகே தன் கையாலேயே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தான்; குமிழைத் திருப்பினால் ஒன்று போய் இன்னொன்று வரும். இந்த ஸ்பீக்கரில் கேட்காதது இல்லவே இல்லாதது என்று மார்தட்டுவான். எங்களுக்கும் அது வேதவாக்காக இருந்தது.

3

மீன்பிடிக்கப் போன அபிசாய் திரும்பவில்லை. கடலிலிருந்து மனைவி லோசலினியின் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது, அத்தோடு தொடர்பு அறுந்தது. போனில் போட்டால் ஒரே காற்றிரைச்சல். நடுவில் அவன் ஏதோ சொல்வது போலிருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. தேடப்போகும் படகுகள் எந்தத் திசைக்கென்று தெரியாமல் துறையில் நின்றன. அவள் நிலையத்துக்கு ஓடிவந்தாள்.

பெட்டியில் ஒரு துளைதான் காலி. கைக்குக் கிடைத்த கம்பியால் இனோகே போனை அதில் செருகினான். அறை முழுக்கக் காற்று, அலை. குரல் மட்டும் இல்லை.

“எங்காதுல விழுந்துச்சே தம்பி. அவரு குரல்தான் அது.”

“மனசு தேடுறப்ப அப்படித்தான் கேக்கும் அக்கா. இதுல வெறும் காத்துதான் இருக்கு.”

அபிசாய் வழக்கமாக வலை போடும் கிழக்குப் பக்கம் படகுகள் போயின. மூன்றாம் நாள், இனி இது எனக்கெதற்கு என்று லோசலினி போனை இனோகேயிடமே விட்டுப் போனாள்.

4

(இது அடிக்குறிப்பு. தாண்டிப் போகாதீர்கள், கொலை இங்கேதான் நடக்கிறது.)

அந்தப் பதிவில் இடது, வலது என்று இரண்டு ஒலி. இரண்டும் ஒரே கம்பியில் வந்தன. அந்தத் துளையோ ஒற்றை ஒலிக்கானது. இரண்டு வந்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். காற்று இரு பக்கமும் வேறு வேறாக அடித்ததால் மிஞ்சியது. அபிசாய் போனை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசியதால் அவன் குரல் இரண்டிலும் சமமாக இருந்தது. சமமானது கழிந்து போயிற்று.

தெரியாதவன் செய்யும் பிழையில்லை இது. அவசரத்தில் தெரிந்தவன் செய்வது.

ஐந்தாம் நாள், பதிவைப் பத்திரப்படுத்த இனோகே இரண்டாகப் பிரியும் சரியான கம்பியை மாட்டினான்.

“வடக்குத் திட்டுக்கு வெளியில இருக்கேன் லோசா. எஞ்சின் நின்னுபோச்சு. தண்ணி ஏறுது. இங்க வரச் சொல்லு.”

வடக்குத் திட்டு, துறையிலிருந்து ஒரு மணி நேரம். அபிசாய் கிடைக்கவேயில்லை.

5

முடிவு அ: மன்னிப்புக் கேட்க இந்த ஊரில் நீட்டும் திமிங்கலப் பல்லோடு இனோகே போய் அவள் முன் மண்டியிடுகிறான். நீட்டிய பல்லை மறுப்பது இங்கே அரிது. எழுதிப் பார்த்தேன்; அவள் கழுத்தைப் பிடித்து மன்னிப்பு வாங்குவது போலிருந்தது. கிழித்தேன்.

முடிவு ஆ: அவளிடம் சொல்லாமல் தலைநகர் சுவாவுக்குக் கப்பலேறிவிடுகிறான். இது கோழைத்தனம், அவனுடையதல்ல, என்னுடையது. (இந்தத் தீவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இ: அவளே ஒருநாள்

6

அவளே போன செவ்வாய்க்கிழமை வந்தாள். அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்திருந்தாள், இனோகேவுக்கு.

“அன்னிக்கு எனக்காக எவ்வளவு சிரமப்பட்ட. இன்னும் ஒரே ஒரு தடவை அத அந்த ஸ்பீக்கர்ல போடுறியா தம்பி? பேச்சு இல்லன்னா பரவாயில்ல. அவரு கடைசியா நின்ன காத்து அது. கேட்டுக்கிறேன்.”

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரில் குரலைக் கழித்த கம்பியும் சரியான கம்பியும் அடுத்தடுத்துத் தொங்கின. செய்தி வாசிக்கும் அறையில் இருந்த என்னை இனோகே தடுப்புக் கண்ணாடி வழியே பார்த்தான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே எனக்கு முடிவு தெரியாது. நீங்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள். அவள் கண்ணை மூடிக் காத்திருக்கிறாள்.