இடது கைக்கு ஒரு பெஞ்ச்

மூன்றாவது முறையும் பலகை கீழே விழுந்தது. இந்த முறை மீனாக்ஷியின் காலுக்கு நாலு விரற்கடை தள்ளி. கார் ஷெட்டின் சிமெண்ட் தரையில் அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. நான் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். "தொடாதேங்கோ" என்றாள் என் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். வலது கையால் பழைய மேஜையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். இடது கை வழக்கம்போல் வயிற்றோடு ஒட்டி, விரல்கள் மடங்கி, தன்பாட்டுக்கு இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், வைட்டிலா சிக்னலில் காருக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டது. பேச்சும் வந்துவிட்டது, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது என்று நான் சொல்வதுண்டு. கை மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒன்றையே சொன்னார்கள். பாலக்காட்டிலிருந்து வந்த அவள் அண்ணா வெங்கிடராமன் கட்டிலருகே நின்று, "பகவான் காப்பாத்தினார், இடது கையோட போச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். எங்கள் வீடுகளில் இடது கைக்கு என்ன மரியாதை உண்டு? பிரசாதம் வாங்கக் கூடாது, யாருக்கும் எதையும் நீட்டக் கூடாது. நல்ல காரியம் எதிலும் சேர்க்காத கை போனால் பெரிய நஷ்டமில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மீனாக்ஷி மட்டும் அன்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் ஒன்றில் இருபத்தாறு வருஷம் வரைபடம் போட்டவள் அவள். மரவேலை அவளாகப் பிடித்துக்கொண்ட பைத்தியம். ஜூ டவுனின் பழம்பொருள் கடைகளில் மற்ற பெண்கள் பித்தளை விளக்கை விலை கேட்கும்போது, இவள் பழைய அலமாரிக்கு அடியில் குனிந்து மூலையை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். எங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டிலிருந்து புத்தக அலமாரி வரை அவள் செய்ததுதான்.

அன்று விழுந்த பலகையைத் தானே இழுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: "மரவேலைக்கு ஒரு பெஞ்ச் வரையப் போறேன். இந்த ஷெட்டுக்குன்னே. அதுல ஒரு பலகையை நான் தனியா இழைச்சு முடிக்கணும். முடியலேன்னா இழைப்புளி, உளி எல்லாத்தையும் யாருக்காவது கொடுத்துடலாம். அப்பறம் அதப் பத்தி ஆத்துல பேச்சே இருக்கப்படாது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் செய்கிறவள் என்பதை முப்பது வருஷமாகப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

பத்து நாளில் ஏழு தாள் வரைந்தாள். கார் உள்ளே வரும்போது பெஞ்சின் பாதி சுவரோடு மடிந்துவிடும். அடியில் சாமான்களுக்கு இழுப்பறை. மழைக்காலத்தில் காயல் தண்ணீர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்கும் என்பதால் கால்களின் அடியில் இரும்புப் பூண். ஒன்பதடி அகல ஷெட்டுக்குள் இவ்வளவு இடம் எங்கே ஒளிந்திருந்தது என்று நான் வாயைப் பிளந்தேன். ஆனால் ஏழாவது தாளில் எனக்கு ஒன்று உதைத்தது. பெஞ்சின் பக்கவாட்டில் வைஸ் இருந்தது. பலகையை இரண்டு இரும்புத் தாடைக்கு நடுவில் வைத்துத் திருகை முறுக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். "முறுக்கறச்சே பலகையை யார் பிடிச்சுப்பா?" என்று கேட்டேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மனசு இன்னும் ரெண்டு கையாலதான் வரையறது" என்றாள்.

"அதுக்கென்ன, நான் பிடிச்சுக்கறேனே."

தாள்களைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தோர்த்துத் துண்டை எடுத்து என் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். "ஏன்னா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாளே தவிர, பல்லாலும் வலது கையாலும் இழுத்து முடிச்சை நன்றாகவே போட்டாள். பற்பசை மூடியிலேயே தோற்றேன். தோசைமாவுப் பாத்திரம் கரண்டியோடு சேர்ந்து மேடை முழுக்கச் சுற்றியது. குளித்துவிட்டு வேட்டி கட்ட முயன்றபோது மானம் போனது. மீனாக்ஷி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பத்து மணிக்குள் நின்றுவிட்டது. இந்த உலகத்தில் எதை வெட்டினாலும், திறந்தாலும், முடிச்சுப் போட்டாலும், அந்தப் பக்கத்தில் ஒரு கை சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேலை செய்தது என்று பெயர் வாங்குவது வலது கை. ஐம்பத்தெட்டு வயதில் என் உடம்பிலேயே இருந்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தலையாட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

மத்தியானம் ஷெட்டில் மேஜையோரமாகப் பலகையை நிறுத்திப் பார்த்தேன். விழுந்தது. மறுபடி விழுந்தது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, யோசிக்காமலே இடுப்பால் அதை மேஜையோடு சேர்த்து அமுக்கிவிட்டேன். பலகை நின்றது. "மீனா!" என்று கத்தினேன்.

வந்தவள் என் இடுப்பையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அசையாதேங்கோ" என்று டேப்பை எடுத்து வந்தாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டுத் தான் அங்கே நின்று, தன் இடுப்பெலும்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்தாள். "எல்லாரும் பெஞ்சோட உயரத்தைக் கையை வச்சுத்தான் அளப்பா. நானும் இத்தனை நாளா வராத கையை வச்சு அளந்திருக்கேன் பாருங்கோ" என்றாள்.

எட்டாவது தாளில் உயரம் அவள் இடுப்புக்கு வந்தது. வைஸுக்குக் கீழே பெஞ்சின் காலில் வரிசையாகத் துளைகள், அவற்றில் முளைகள். பலகையை முளைமேல் உட்காரவைத்து, இடுப்பால் அமுக்கி, வலது கையால் திருகை முறுக்கலாம். மேல்பலகையில் ஆணியை நடுவில் அடிக்காமல் ஓரமாக அடித்த மர வட்டுகள். உள்ளங்கையால் ஒரு திருப்பு திருப்பினால் வேலைப்பலகையை நெருக்கிப் பிடிக்கும். படத்தைப் பார்த்து ஒரு ஆசாரி பெஞ்சைச் செய்துகொடுத்தார். இரும்புச் சாமான் கடை முகமது இஸ்மாயில் வைஸைக் கொண்டுவந்து பொருத்தினார். படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "சாரே, இது சேச்சி தன்னெ வரச்சதா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம், அவளேதான் வரைந்தாள் என்றேன். நானே வரைந்த மாதிரி எனக்கு அவ்வளவு பெருமை.

பெஞ்ச் தயாரான மறுநாள் காலை, மீனாக்ஷி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தாள். "நீங்க கேட்டுக்கு வெளியில போய் நில்லுங்கோ. இந்தப் பக்கம் திரும்பப்படாது" என்றாள்.

போய் நின்றேன். மிளகு மூட்டை ஏற்றிய பெட்டி ஆட்டோ ஒன்று சந்தில் திணறிக்கொண்டு போனது. அது போன பிறகு ஷெட்டுக்குள் பலகை விழும் சத்தம் கேட்டது. கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திருகு கிரீச்சிட்டது. அப்புறம் இழைப்புளி. முதலில் இருமுவது போல விட்டுவிட்டு வந்தது. நின்றது. மறுபடி தொடங்கியது. பிறகு ஒரே இழுப்பாக, பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், நீளமாக ஒரு சத்தம். இன்னொன்று. இன்னொன்று. எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அப்புறம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் இல்லை. பேச்சை மீறித் திரும்பிவிட்டேன்.

மீனாக்ஷி பெஞ்சுக்கு அருகில் இல்லை. எட்டடி தள்ளி, ஸ்கூட்டரில் சாய்ந்து, வலது கையில் டம்ளரோடு ஆறிப்போன சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் மரச்சுருள். என்னைப் பார்த்தாள், திட்டவில்லை, கண்ணால் பெஞ்சைக் காட்டினாள். இழைத்த விளிம்பு மஞ்சளாகப் பளபளக்க, ஆஞ்சிலி மரப் பலகை வைஸில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.