முப்பத்தாறுக்குப் பிறகு

"பத்தை எத்தனை துண்டா வேணா வெட்டு, ராணி. துண்டுகளைப் பெருக்கினா பெரிய எண்ணா வரணும். நான் ரெண்டு ரெண்டா வெட்டி முப்பத்திரண்டு கொண்டுவந்துட்டேன். அதுக்கு மேல போகாது."

"மூணு, மூணு, நாலுன்னு வெட்டினா முப்பத்தாறு வருதேங்க."

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் இல்லீங்க. வெங்காயம் உரிக்கிறப்போ தோணுச்சு."

கல்யாணமான நாலாவது நாள் நடந்த பேச்சு இது. அன்று மேலப்புதூர் வீட்டில், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கணக்கு வாத்தியார் இருதயநாதன் சாப்பிடாமல் குப்புறப் படுத்துக்கொண்டார். வயிறு நன்றாகத்தான் இருந்தது. மீன் குழம்பு வாசனைக்கு அது சத்தம்கூடப் போட்டது.

அதன் பிறகு ஆறு வருஷமாக லூர்துராணி ஒரு புதிரிலும் ஜெயிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் புதிர் போடுவார். அவள் கன்னத்தில் கை வைத்து யோசித்துவிட்டு, "நமக்கு எட்டலீங்க" என்பாள். முதலில் அது அவருக்கு இனித்தது. போகப் போக, எதிரே ஆளே இல்லாமல் கேரம் ஆடுவதுபோல் சப்பென்று ஆகிவிட்டது. விட்டுக்கொடுக்கிறாளோ என்ற சந்தேகம் வேறு. கேட்டுவிடலாம்தான். ஆனால் இவள் நிஜமாகவே களத்தில் இறங்கிவிட்டால் வாத்தியார் கதி என்ன ஆவது?

1981 மார்ச்சில் ஒரு ஞாயிறு சாயங்காலம், இருவரும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார்கள். அம்மா மண்டபம் படித்துறைக்குக் கீழே காவிரித் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. அவர் மணலில் விரலால் பெரிய வட்டம் போட்டார்.

"இது குளம். நட்டநடுவுல படகுல ஒரு பொண்ணு. கரையில காவக்காரன். படகைவிட நாலு மடங்கு வேகமா ஓடுவான், ஆனா தண்ணியில இறங்கமாட்டான். அவன் வர்றதுக்குள்ள அவ கரை ஏறிடுவாளா?"

"நீங்களே சொல்லுங்க."

வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார். "எதிர்க்கரைக்கு நேரா படகை விட்டாலும், அவன் பாதி வட்டம் சுத்தி முன்னாடியே வந்து நிப்பான். முடியவே முடியாது."

"ஆமாங்க, பாவம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அவள் விரல் தன்பாட்டுக்குக் குளத்தின் நடுவில் ஒரு சின்ன வட்டம் வரைந்தது. அதற்குள் படகு சுற்றினால் கரையில் ஓடுகிறவனால் ஈடுகொடுக்க முடியாது. அவன் நேர் எதிர்ப்பக்கம் மாட்டுகிறவரை சுற்றிவிட்டு, அங்கிருந்து கரைக்கு ஒரே ஓட்டம். விரல் அந்தக் கோட்டையும் இழுத்து முடித்தது. விடை அதுதான். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று நாள் ஆகியிருந்தது!

அவர் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று உள்ளங்கையால் மணலை அழித்தாள். "சுண்டல் வாங்கலாமாங்க?"

"சுண்டல் இருக்கட்டும். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப வருஷமா கேக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்க."

அவள் அழித்த இடத்தில் மறுபடியும் அந்தப் பெரிய வட்டத்தைப் போட்டார்.

"இனிமே எனக்காகத் தோக்காத, ராணி. எங்கூட நெசமா போட்டி போடு."