உபதேசியாருக்கு விதித்த அபராதம்

வரதராஜன்பேட்டை மாதா கோயில் உபதேசியார் சின்னப்பராஜுக்குப் பாவம் தீர்க்கும் வார்த்தைகள் அத்தனையும் அத்துப்படி. மனஸ்தாபம் என்றால் செய்ததை நினைத்து நோவது. பரிகாரம் என்றால் கெடுத்ததைச் சரிக்கட்டுவது. அபராதம் என்றால் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவங்களை அறிக்கையிடும்போது, சாமியார் விதித்ததைச் செய்து முடிப்பது. ஞானோபதேச வகுப்பில் பிட்டுப் பிட்டு வைப்பார். தான் செய்து பார்த்ததில்லை, அதுதான் சங்கடம்.

நாற்பத்தாறாம் வருஷத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் வந்தது வினை. அவருக்கு ஒரு மாடு, பக்கத்துக் கொல்லைக்காரர் கொளஞ்சியப்பனுக்கு ஒரு மாடு. இரண்டையும் ஜோடி சேர்த்துத்தான் பொதுக் கிணற்றில் கமலை பூட்டி, மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் இறைப்பார்கள். ஒருநாள் உபதேசியாரின் சோளத்தில் பாதியைக் காணோம். கொளஞ்சியப்பனின் மாடு திருட்டு மாடு என்று கடைத்தெருவில் நின்று முழங்கினார். கொளஞ்சியப்பன் மாட்டைத் தர மறுத்துவிட்டார். ஒற்றை மாட்டால் கமலை ஓடாது; தண்ணீர் இல்லாமல் இருவர் மிளகாயும் வாடியது.

மறுவாரம் தன் மாடே கயிற்றை அறுத்துக்கொண்டு சோளத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்தார். மூச்சு விடவில்லை.

தபசின் கடைசியான பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனம். பத்துப் பரலோக மந்திரத்தோடு தப்பலாம் என்று நினைத்திருந்தார். சாமியாரோ, "பழி சொன்ன எடத்துலயே போய் உண்மையைச் சொல்லும். அதுக்கு முன்னாடி நன்மை வாங்க வராதேயும்" என்றுவிட்டார். பாஸ்கா பூசையில் முதல் ஆளாக நன்மை அப்பம் வாங்குகிறவர் பின்னால் நின்றால் ஊர் சும்மா இருக்குமா?

மறுநாள் காலை லாடம் கட்ட மாட்டோடு கடைத்தெருவுக்கு வந்த கொளஞ்சியப்பனை மறித்தார்.

"மனஸ்தாபம்னா என்னன்னா, கொளஞ்சியப்பன்..." என்று தொடங்கி, பரிகாரத்தைத் தாண்டி ஈடேற்றம் வரைக்கும் போய்விட்டார். கூட்டம் கூடிவிட்டது.

"வெளங்கலீங்க. வையிறீங்களா, கும்புடுறீங்களா?" என்றார் கொளஞ்சியப்பன். "திருட்டுப் பேரு வாங்குனது இந்த மாடு. இதுக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க."

மாடு அவரையே பார்த்தது. படித்த வார்த்தை ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தின்னது எம் மாடு. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

கொளஞ்சியப்பன் தன் மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "நாளைக்கு ஒங்க மாட்டை ஓட்டியாங்க. மொத மூணு நாளு என் கொல்லைக்குத்தான் தண்ணி. கமலை ஓட்டுறது நீங்க" என்றார்.

"இதுக்குப் பேருதாங்க பரி..." என்று உற்சாகமாக ஆரம்பித்த உபதேசியார், மாடு தலையைத் திருப்பியதும் வாயை மூடிக்கொண்டார்.