மூக்குக்கு நேரா நிக்கிற குரல்

இந்தக் கம்பெனியில எனக்குச் சொந்தப் பேரே கிடையாது. 'காது', அவ்வளவுதான். "காது வந்தாச்சா?" "காதுகிட்ட காட்டியாச்சா?" "காது கோவமா இருக்கு, அப்புறமாப் போ." நாங்க பண்றது ஹெட்போன். பஸ்ஸுல சொருகிக்கிட்டுப் போற சாமான் இல்ல, விலையைக் கேட்டா எங்க வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவார், அந்த ரகம். ஒவ்வொரு பீஸும் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி என் தலையில ஏறி இறங்கணும். நான் சரின்னா சரி, இல்லேன்னா திரும்ப வேலை மேசைக்கு.

திருப்பி அனுப்புற பீஸுக்குத் தலைப்பட்டைக்கு அடியில, மெத்தையைக் கொஞ்சம் நெம்பினாத்தான் தெரியுற இடத்துல, ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பேன். சரி பண்ணினவங்க அதைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் மறுபடி என்கிட்ட கொண்டுவரணும். இது நான் போட்ட சட்டம்.

இப்போதைக்குப் புது மாடல் ஒண்ணுதான் ஓடுது. அதை என்கிட்ட கொண்டுவர்றது என் கொழுந்தன், வீட்டுக்காரரோட தம்பி. உள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கரை உக்கார வச்சு, சால்டர் அடிச்சு மூடுறது அவன் வேலை. வேலைவெட்டி இல்லாம வீட்டுல மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கெடந்தவனை நான்தான் முதலாளிகிட்ட வாய்விட்டுக் கேட்டுச் சேத்துவிட்டேன். "உங்க பேரைக் கெடுக்க மாட்டேன் அண்ணி"ன்னு அன்னைக்குச் சொன்னான். கெடுக்கவும் இல்ல, போன வாரம் வரைக்கும்.

போன வாரத்துலேர்ந்து அவன் கொண்டுவர்ற பீஸ் ஒண்ணு தப்பாம இடப்பக்கம் சத்தம் கம்மி. எங்க சோதனைக்குன்னு ஒரு பதிவு வச்சிருக்கோம். ஒரு பொம்பளைக் குரல், கூட வாத்தியம் எதுவும் இல்லாம பாடும். ரெண்டு பக்கமும் சமமா இருந்தா அந்தக் குரல் மூக்குக்கு நேரா, நட்டநடுவுல நிக்கணும். இவன் பீஸுல அது வலப்பக்கமா ஒதுங்கி ஒதுங்கிப் போகுது. "மொட்டை சமம்னு காட்டுது அண்ணி"ன்னான். மொட்டைன்னா, காதுக்குள்ள மைக் வச்ச ரப்பர் தலை, சத்தத்தை அளக்குற மெஷின். "மொட்டைக்கு என்னடா தெரியும்? போன வருஷம் உள்ள ஸ்பீக்கர் கடகடன்னு ஆடினதை அது கண்டுபிடிச்சுதா, நான் கண்டுபிடிச்சேனா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். முதலாளியும் போட்டுப் பாத்தார். "எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்மா"ன்னுட்டார்.

அதோட அவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். நானும்தான். எனக்கும் போன வாரம் முழுக்க ஜலதோஷம், மூக்கடைப்பு, தலைக்குள்ள ஒரு உஸ்ஸுன்னு சத்தம் வேற. வீட்டுக்குப் போனா அவரு ஒரு பக்கம், "கூப்பிட்டா காதுலயே விழாத மாதிரிப் படுத்திருக்கியே"ன்னு சண்டை. "விழுற மாதிரி என்னைக்கு நீங்க ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கீங்க?"ன்னு திருப்பிக் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்கே தெரியும்.

இன்னைக்குத்தான் பெரிய கடைகளுக்குச் சரக்கு எடுக்கிற மேடம் வர்ற நாள். எங்க புது மாடலையும் இன்னொரு பெரிய கம்பெனியோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டுட்டு, ஒண்ணைத்தான் எடுப்பாங்க. காலையில முதலாளி கொழுந்தனைக் கூப்பிட்டு நிக்க வச்சார். "மேடம் முன்னாடி உங்க அண்ணி போட்டுப் பாப்பாங்க. இன்னைக்கும் இடப்பக்கம் கம்மின்னா, உன் டூல்ஸைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடு." அவன் என்னைப் பாத்தான். நான் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

மேடம் வந்தாங்க. கிராப் வெட்டின தலை, வளவளன்னு பேச்சு கிடையாது. சத்தம் புகாத என் அறையில உக்காந்ததும், "எங்க கடைக்கு வர்றவங்க முதல்ல கேக்குறது சத்தத்தை இல்ல. எவ்வளவு நேரம் தலையில இருக்கும்னுதான்"னாங்க. அப்பவே அவங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு.

"இது மாப்பிள்ளை"ன்னு மத்த கம்பெனியோடதை நீட்டினேன். "மெத்து மெத்துன்னு இருக்கும், தலையில இருக்கிறதே தெரியாது. இனிக்க இனிக்கப் பேசும். ஆனா நிறைய மறைக்கும். எங்களோடது மாமியார். கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், உச்சந்தலையில அழுத்தும். பொய் மட்டும் சொல்லாது." முதலாளி இருமினார். மேடம் சிரிச்சுட்டாங்க.

கேட்டுப் பாக்க, போன வாரத்துக்கு முன்னாடியே நான் சரின்னு சொன்ன பீஸ் ஒண்ணைக் குடுத்தேன். ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டு ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கேட்டாங்க. "மாப்பிள்ளையில பாடுறவங்க மூச்சு வாங்குறதே தெரியல. இதுல உதடு பிரியிறது கூடக் கேக்குது. ஆனா காது சுடுது." "வெல்வெட் மெத்தை மாத்தினா சுடாது மேடம்"னேன். "கண்ணாடி போட்டவங்களுக்கு? கம்பி இடுக்குல காத்துப் புகுந்தா தம் தம்முங்கிற அடிச்சத்தம் எல்லாம் ஓடிடுமே." "மாமியார் பிடிச்ச பிடியில காத்தாவது புகுறதாவது! நானே கண்ணாடிக்காரி, என்னை வச்சுத்தான் அந்த இறுக்கத்தையே அமைச்சாங்க." இப்படிப் பெருமை அடிச்சுக்கிட்டிருக்கும்போதே கொழுந்தன் கதவைத் தள்ளிக்கிட்டு வந்தான். கையில இன்னைக்குக் காட்ட வேண்டிய பீஸ்.

"முடிச்சாச்சா?"ன்னு முதலாளி கேட்டார். "பாத்துட்டேன் சார்"னு மட்டும் சொன்னான். என்கிட்ட நீட்டினான். வெடுக்குன்னு வாங்கி மாட்டினேன்.

குரல் எழும்புச்சு. மூக்குக்கு நேரா வரல. வலப்பக்கமாப் போய் ஒதுங்கி நின்னுச்சு.

அடப்பாவி, இன்னைக்குமாடா! எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கதவோரமா நின்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தான். வாயைத் திறக்கப் போனேன். அதுக்குள்ள மேடம் கைச்சாடையில கேட்டாங்க: மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?

என்னைப் பாத்து அந்தக் கேள்வி! புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே அதுதான். ஒரு பக்கம் கம்மியாக் கேட்டா, கழட்டி, இடது வலதா மாத்திப் போடு. குறை ஹெட்போன்ல இருந்தா, குறையும் அடுத்த பக்கம் போயிடும். போகலேன்னா, குறை உன் காதுல. நான் அதை விட்டு எத்தனையோ காலம் ஆச்சு. எனக்கு எதுக்கு அதெல்லாம்? சரி, கண்ணால பாத்துக்கட்டும்னு கழட்டி, ஒரு வீம்போட மாத்திப் போட்டேன்.

குரல் இடப்பக்கம் வந்திருக்கணும். வரல. அதே வலப்பக்கம், அசையாம நின்னு பாடிக்கிட்டிருந்துச்சு.

இருக்காதுன்னு மறுபடி நேராப் போட்டேன், மறுபடி மாத்தினேன். கண்ணாடிக் கம்பியா இருக்கும். கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சேன். வலப்பக்கம். கம்மல் இடிக்குது போல. தோட்டைக் கழட்டினேன், அவசரத்துல ஒரு திருகாணி கீழ விழுந்து உருண்டுச்சு, யாரும் குனியல. முடியை ஒதுக்கி இறுக்கிச் சொருகினேன். வலப்பக்கம்தான். "என்னம்மா, இவ்வளவு நேரமா?"ன்னு முதலாளி வாய் அசையுறது தெரிஞ்சுச்சு. மாப்பிள்ளையை இழுத்து மாட்டினேன். அதுல எங்க ஆளுங்க கையே படல, என் கொழுந்தன் தொட்டதே இல்ல. அந்த மெத்து மெத்துக்குள்ளயும் குரல் வலப்பக்கமா ஒதுங்கி நின்னுச்சு.

ஐயோ, நான்தான். போன வாரம் முழுக்க நான்தான்.

ஹெட்போனைக் கழட்டினேன். அறைக்குள்ள ஊசி விழுந்தாக் கேக்கும்னு சொல்லுவாங்க. எனக்கு இடப்பக்கம் உஸ்ஸுன்னு அந்தச் சத்தம் மட்டும்தான். ஜலதோஷம்னு விட்டுட்டேனே, பாவி. இந்தக் காது போனா நான் யாரு? எனக்கு வேற என்ன தெரியும்? படிப்பா, பட்டமா? இந்த ரெண்டு காதை வச்சுத்தான் நான் இத்தனை பேரை அதட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

"என்னம்மா? சொல்லுங்க"ன்னார் முதலாளி.

கம்மின்னு சொன்னா கொழுந்தன் போயிடுவான். காதுல கோளாறுன்னு சொன்னா நான் போயிடுவேன். நடுவுல ஒரு வழி இருந்துச்சு, அது தானாவே என் வாயில வந்துச்சு.

"இப்பச் சரியா இருக்கு சார். ரெண்டு பக்கமும் சமம்."

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. எட்டிக் கொழுந்தன் முதுகுல ஒண்ணு வச்சார். "பாத்தியா? உனக்கெல்லாம் கழுத்துல கத்தி வச்சாத்தான் கை நேராகுது. இதையே முதல்லயே ஒழுங்காச் செஞ்சிருந்தா அண்ணிகிட்ட அத்தனை பேச்சு வாங்கியிருப்பியா? போ, அவங்க திருப்பி அனுப்பின பீஸ் அத்தனையையும் பிரிச்சு, இதே மாதிரி மறுபடி பண்ணு. இனி ஒரு தப்பு வரக் கூடாது."

அவன் சட்டுன்னு நிமிந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்துட்டான். அப்பத்தான் மேசையைப் பாத்தான். கழட்டிப் போட்ட கண்ணாடி, ஒத்தைத் திருகாணி, தலைகீழா மாத்திக் கெடந்த ஹெட்போன். அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தான். திறந்த வாயை மூடிக்கிட்டான்.

"சரி சார்"னான்.

என்னடா இது, இப்படிப் பேசாமப் போறவன் இல்லையே இவன்னு எனக்கு உறுத்துச்சு. கை சும்மா இருக்க மாட்டாம அந்தப் பீஸை எடுத்தேன். தலைப்பட்டை மெத்தையை நெம்பினேன். அங்க ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ், நான் வச்சது. சுரண்டாம அப்படியே இருந்துச்சு.

தூக்கிவாரிப் போட்டுச்சு. நேத்து நான் கம்மின்னு திருப்பி அனுப்பின அதே பீஸ். அவன் திறந்து பாத்திருக்கான், குறை எதுவும் இல்ல, அப்படியே மூடிக் கொண்டுவந்துட்டான். நான் கம்மின்னு சொன்னா அவன் வேலை போகும், சரின்னு சொன்னா அவன் இந்தச் சொட்டைக் காட்டி என்னைக் கையும் களவுமாப் பிடிக்கலாம். அதுக்குத்தான் கதவோரமா அப்படி நின்னிருக்கான். பிடிச்சும் இருக்கலாம். ஒரு வார்த்தை போதும். மேடம் முன்னாடி, முதலாளி முன்னாடி, நான் அவனை எல்லார் முன்னாடியும் கேட்ட மாதிரியே, நாக்கைப் பிடுங்கிக்கிற அளவுக்குக் கேட்டிருக்கலாம். ஆனா செய்யாத தப்பைத் தலையில வாங்கிக்கிட்டு, நல்லாப் பண்ணின வேலையைப் பிரிச்சு மறுபடி பண்ணப் போறான். எனக்காக.

அவன் கை கதவுப் பிடியில இருந்துச்சு.

"நில்லு தம்பி"ன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன் போல, மேடம் திரும்பினாங்க. "சார், அவன் எதையும் மறுபடி பண்ண வேண்டாம். இது நேத்து நான் வேண்டாம்னு அனுப்பின பீஸ். இதோ பாருங்க, என் நெயில் பாலிஷ். இவன் ஒண்ணுமே மாத்தல, மாத்த ஒண்ணுமே இல்ல. அத்தனை பீஸும் சரியாத்தான் இருந்திருக்கு. மொட்டை சொன்னதுதான் சரி. எனக்கு இடக் காது கேக்கல."

முதலாளி என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பாத்தார். "என்னம்மா சொல்றீங்க? அப்ப இப்போ சரின்னு சொன்னது?"

"பொய் சார்."

அவரு அப்படியே உக்காந்துட்டார். மேடம் கழுத்துல தொங்கின மாமியாரைக் கழட்டி மெதுவா மேசையில வச்சாங்க. "மொட்டை அளந்ததை எனக்கு அனுப்புங்க. நாளைக்குச் சொல்றேன்"னு முதலாளிகிட்ட சொன்னாங்க. குரல்ல இரக்கமும் இல்ல, கோவமும் இல்ல. நான் கீழ விழுந்த திருகாணியைத் தேடுற சாக்குல குனிஞ்சு உக்காந்தேன். யாரோட மூஞ்சியையும் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

நிமிந்தப்ப மேடமும் முதலாளியும் போயிருந்தாங்க. கொழுந்தன் எனக்கு இடப்பக்கம் நின்னுக்கிட்டிருந்தான், வாய் அசைஞ்சுக்கிட்டிருந்துச்சு. எவ்வளவு நேரமாக் கூப்பிட்டானோ! நான் பாத்ததும் நிறுத்திட்டான்.

"நேத்தும் இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்க திரும்பல"ன்னான். "என்மேல கோவம்னு நெனச்சேன்."

அவன் மேசையைச் சுத்திக்கிட்டு வந்து, என் வலப்பக்கம் நின்னான். கண்ணாடியை எடுத்து என் கையில வச்சான்.

"கிளம்புங்க அண்ணி. டாக்டர்கிட்ட இப்பவே போறோம். அண்ணனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு.