பிள்ளைக்காம்பராவுக்கு வந்த பள்ளிக்கூடம்

சோலைமலை அன்று சாயங்காலம் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் குந்திக்கொண்டு ஒரு குச்சியைச் சீவிக்கொண்டிருந்தான். அவன் கவ்வாத்து வெட்டுகிறவன். வெட்டிக் கழித்த தேயிலைக் குச்சிகளை எல்லோரும் அடுப்பெரிக்கக் கட்டிக்கொண்டு போவார்கள். அவனோ அந்தக் குவியலைக் கிளறி, வளைவு நெளிவு இல்லாத ஒன்றைப் பொறுக்கியெடுத்து வந்திருந்தான். பட்டையை உரித்து, கணுவைச் செதுக்கி, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தான்.

மறுநாள் மகள் அழகம்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்கள். இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகிற தகப்பன் வெற்றிலை பாக்கோடு ஒரு குச்சியும் கொண்டுபோய் வாத்தியார் கையில் கொடுப்பான். அப்படிக் கொடுக்காதவனைப் பொறுப்பில்லாதவன் என்று லயமே பேசும்.

அழகம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, இது யாருக்கு?"

"ஒனக்குத்தான்டி என் தங்கம்! வாத்தியாரய்யாகிட்ட குடுத்து, கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்கன்னு சொல்லப் போறேன்" என்றான் சோலைமலை வாயெல்லாம் பல்லாக.

அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? பெற்ற மகள்மேல் உயிரையே வைத்திருந்தவன். தனக்குக் கைநாட்டோடு முடிந்த பிழைப்பு, மகளாவது நாலு எழுத்துப் படிக்கட்டும் என்று கனவு கண்டவன். ஆனால் அந்த லயத்தில் பிள்ளைகளை மிரட்டப் பேயும் பிசாசும் தேவைப்பட்டதில்லை. சோறு தின்ன மறுத்தால் வாத்தியார், தூங்க மறுத்தால் வாத்தியார். அவரோ காக்காயைக் கூடக் கல்லெடுத்து விரட்டாத மனுஷன். முத்துலிங்கம் வாத்தியார் ஒரு பிள்ளையை அடித்ததைப் பார்த்தவர் எவரும் இல்லை. தகப்பன்மார் கொண்டுவரும் குச்சிகளை, மறுத்தால் மனம் கோணுவார்களே என்று வாங்கி அலமாரிமேல் போட்டுவிடுவார். வரிசையாகக் கிடக்கும் அந்தக் குச்சிகளை அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

அடுத்த நாள் குச்சி கைமாறியது. சோலைமலை மலைக்குப் போய்விட்டான். அவன் பெண்சாதி நாகலெட்சுமிக்கும் கொழுந்தெடுக்க நேரமாகிவிட்டது. "அம்மா பீலியில தண்ணி புடிச்சிட்டு வந்துர்றேன், இங்கனயே இரு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நழுவினாள். அழகம்மா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பாவாடை நனைந்துபோனதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுவரை பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் அந்தத் தொட்டில் அறையில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காளியாயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாயாடிய பிள்ளை அவள்.

மறுநாள் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அன்று இடைவேளை முடிந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம்.

சேதி கவ்வாத்து மலைக்கு எட்டியதும் சோலைமலை கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கொழுந்து மலையிலிருந்து நாகலெட்சுமி கூடையோடு ஓடினாள். "பாதியில எறங்குனா அரப்பேருதான்!" என்று கணக்கப்பிள்ளை கத்தினார். அரைநாள் சம்பளம் போனால் போகட்டும் என்று மற்றப் பெண்களும் அவள் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை என்றால் சும்மா இல்லை. தேயிலைக்கு இடையில் வெட்டியிருக்கும் கான்களில் தண்ணீர் திமுதிமுவென்று ஏறும். அந்தக் கான்களின்மேல் செடி மூடிக்கிடந்தால், உள்ளே ஆள் இருந்தாலும் தெரியாது.

"அழகம்மா! வந்துரு தாயீ! வராட்டி வாத்தியாரு வந்து புடிச்சிட்டுப் போயிருவாரு!" என்று கத்தினாள் பக்கத்துக் காம்பரா மீனம்மா. நல்ல மனசுக்காரிதான். வேறு விதமாகக் கூப்பிட அவளுக்குத் தெரியவில்லை.

சோலைமலையும் தொண்டை கிழியக் கத்தினான். "எங்கடி இருக்க? வெளிய வா! வாத்தியாரய்யாவும் வந்திருக்காரு பாரு!"

அவனுக்குக் கொஞ்ச தூரத்தில் செடிகளை விலக்கித் தேடிக்கொண்டிருந்த வாத்தியார் சட்டென்று நிமிர்ந்தார்.

"சோலைமலை, கூப்புடாதீங்க! நாம கூப்புடக் கூப்புடப் புள்ள இன்னும் உள்ளுக்குப் போயி ஒளிஞ்சுக்கும். என் பேர யாரும் சொல்லாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இந்தத் தோட்டத்துல அந்தப் புள்ள பயப்படாத கொரலு யாரோடது?"

சோலைமலை வாயைத் திறந்தான். 'என்னோடது' என்று சொல்லத்தான் திறந்தான். சொல்ல வரவில்லை. குச்சியைச் சீவியது அவன் கைதானே! மழையில் நனைந்து நின்ற அந்த நேரத்தில், தன் பிள்ளைக்குத் தானே ஆகாதவனாகிப் போனது அவனுக்கு உறைத்தது. தண்ணிக்குப் போகிறேன் என்று பொய் சொன்ன நாகலெட்சுமியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காளியாயி அக்காதான்" என்றாள் மெல்ல.

காளியாயி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் பதறவும் இல்லை, அதட்டவும் இல்லை. தினமும் பத்து மணிக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"பாலு ஆறுதுடா என் கிளிங்களா... அழகு, ஆயி வந்திருக்கேன்டி. வேற யாரும் ஒன்னத் தொட மாட்டாங்க. பாலு குடிக்க வா கண்ணு..."

அவள் இன்னும் கொஞ்சம் இறங்கி நின்று மறுபடி கூப்பிட்டாள். கீழேயிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது.

"ஆயீ..."

குரல் வந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றவர் வாத்தியார்தான். செடியை முறித்துக்கொண்டு கானுக்குள் குதித்தார். நெஞ்சுவரை தண்ணீரில், ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது பிள்ளை. அவர் முகத்தைப் பார்த்ததும் விறைத்துப்போனது.

"நான் ஒன்னக் கொண்டுபோக மாட்டேன்மா. இந்தா, ஒங்க ஆயிகிட்டயே குடுத்துர்றேன்" என்று சொல்லி, சொன்னபடியே தூக்கிக் காளியாயியிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பிள்ளையின் கண்ணில் படாமல் திரும்பி நின்றுகொண்டார்.

சோலைமலை அப்போதுதான் அவர் காலைப் பார்த்தான். முழங்கால்வரை அட்டைகள். இரத்தம் மழையோடு வழிந்துகொண்டிருந்தது. யார் பெற்ற பிள்ளை? யாருக்கு வந்த விதி? இந்த மனுஷன் பெயரைச் சொல்லியா இத்தனை நாள் பிள்ளையை மிரட்டினோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சேற்றில் விழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

"எந்திரிங்க சோலைமலை. நீங்க குச்சி குடுத்தீங்க, நான் வாங்கி வெச்சேன். தப்பு ரெண்டு பேரு மேலயும்தான்" என்றார் அவர். இதையும் சொல்லத்தான் வேண்டும்: கத்திய கணக்கப்பிள்ளை அன்றைக்கு எல்லோருக்கும் முழுப்பேரே போட்டார். நல்லவர்கள் நாம் எதிர்பாராத இடத்திலும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மழையில் நனைந்து வந்த காய்ச்சல் பிள்ளைக்கு விட்டதும், இனி அவள் பள்ளிக்கூடப் பக்கம் தலைவைக்க மாட்டாள் என்றுதான் சோலைமலை நினைத்தான். பிள்ளை ஏறி வராவிட்டால் என்ன, நாம்தான் இறங்கிப் போவோமே என்று முத்துலிங்கம் வாத்தியார் நினைத்தார். பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த குஞ்சுகுளுவான்களை மட்டும் கூட்டிக்கொண்டு தினமும் பிள்ளைக்காம்பராவுக்கே வந்துவிட்டார். தொட்டில்களுக்கு நடுவே சாக்கை விரித்து உட்கார்ந்து பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். அழகம்மாவைக் கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவள் காளியாயியின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பாட்டு நடுவில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. காளியாயி பால் காய்ச்சிக்கொண்டிருந்ததால் வாத்தியாரே எழுந்து தொட்டிலை ஆட்டினார். ஆட்டத் தெரியாமல் ஆட்டினார். அழகம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்புடி ஆட்டக்கூடாது! புள்ள பயந்துக்கிரும். மெதுவா ஆட்டணும்!"

"அப்புடியா? எங்க, நீ ஆட்டிக் காட்டு" என்றார் வாத்தியார்.

அவள் வந்தாள். தொட்டிலை ஆட்டினாள். அவர் பக்கத்தில் நின்றபடியே பாட்டின் மிச்சத்தையும் பாடி முடித்தாள். அத்தனை நாளும் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்!

கொஞ்ச நாளில் காளியாயி முன்னே நடக்க, அழகம்மாவும் மற்றப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நாகலெட்சுமியும் இப்போது பொய் சொல்வதில்லை. "அம்மா மேமலைக்குப் போறேன், மத்தியானம் கொழுந்து நிறுத்துட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடி வந்தாள். தன் பெயரை முதன்முதலாக எழுதிய அன்று, அழகம்மா அதைக் கரிக்கட்டியால் லயத்துச் சுவரெல்லாம் எழுதி வைத்தாள். சோலைமலைக்கு அது எந்த எழுத்து என்று தெரியாது. என்றாலும் சுவரைக் கழுவவிடாமல் பார்த்துக்கொண்டான். வாத்தியாரையும் காளியாயியையும் நினைக்காமல் அவன் ஒருநாளும் சாமி கும்பிட்டதில்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வேலைக்குக் கூடியிருந்தபோது மீனம்மாவின் சின்ன மகன் மூக்கன் அடம்பிடித்து அழுதான். "வாய மூடு! வாத்தியாருகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்" என்றாள் மீனம்மா.

"மீனம்மா, அந்தப் பேர மட்டும் சொல்லாத" என்றான் சோலைமலை. "எங்க அழகம்மாவ நான் பாதி கொன்னே போட்டேன். புள்ள பள்ளிக்கூடத்துப் படி ஏறுறதுக்கு முன்னாடியே நாம பயத்தப் படிச்சுக் குடுத்துர்றோம். பயந்த புள்ளைக்கு எந்த வாத்தியாரு எதப் படிச்சுக் குடுக்க முடியும்?"

"அப்ப யாரச் சொல்லித்தாண்ணே மெரட்டுறது? தொரையச் சொல்லட்டுமா?" என்றாள் மீனம்மா.

களமே சிரித்தது. சோலைமலை சிரிக்கவில்லை.

"தொரைக்குப் பயந்து பயந்து நாம கெட்டது போதும் தங்கச்சி. நம்ம புள்ளைங்களாச்சும் யாருக்கும் பயப்படாமப் படிக்கட்டும்."